வாகனம் உங்கள் கையில். பதிவு யார் பெயரில்?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாம மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கொழும்புத்துறையில் நாம் எடுத்துச் சென்றவை சில. விட்டுச் சென்றவை பல. வாகனப் பதிவுப் புத்தகங்களும் அவற்றுள் அடங்கும். அக்காலத்தில் வாய்ச்சொல்லை நம்பியே வாகனங்கள் கைமாறின.

அப்பழக்கம் இன்னும் எம்மை விட்டு அகலவில்லை. விற்பவர் ஒப்பமிட்ட வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாகனம் ஓட்டுகிறோம். இதுவே 'ஓப்பின் பேப்பர்'. விற்றவர் வெளிநாடு போனாலோ இறந்தாலோ வாங்கியவர் அலைய வேண்டும். வாகனம் விபத்துக்குள்ளானால் பொலிசார் விற்றவரைத் தேடி வருவர்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வாகனம் கைமாறி 14 நாள்களுக்குள் விற்றவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்; வாங்கியவர் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

காசு கொடுக்குமுன் எஞ்சின், சேசிஸ் இலக்கங்களைப் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். அதில் முற்றுரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீராமல் வாகனம் உங்களுடையதாகாது. சான்றிதழ் தொலைந்திருந்தால், பதிவு உரிமையாளரைக் கொண்டே பொலிஸில் முறையிட்டுப் பிரதி எடுப்பியுங்கள்.

மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. விற்றவரின் காப்புறுதி தானாக உங்களுக்கு வந்துவிடாது. கம்பனிக்கு அறிவித்து உங்கள் பெயரில் பெறுங்கள்.

தாலிக்கொடியை அடகுவைத்து வாங்கிய லாண்ட்மாஸ்டர் குடும்பத்துக்குச் சோறு போடுவது. அதைப் பிறர் பெயரில் விட்டுவைக்கலாமா?