பாக்குப் பொட்டலம் பிள்ளையின் இதயத்தில் என்ன செய்கிறது?

ஓசூர் எல்லையில் குட்கா மூட்டைகள் பறிமுதல் என்ற செய்தி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. காய்கறி வண்டியில் மறைத்தார்கள், காரின் பின்புறத்தில் அடுக்கினார்கள் என்று படம் வரும். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

தமிழ்நாட்டில் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றுக்கு 2013 மே மாதம் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. அதே ஆண்டில் கர்நாடகாவும் குட்காவைத் தடை செய்தது. ஆனால் அங்கே பான் மசாலா தனிப் பொட்டலமாகவும் மெல்லும் புகையிலை தனிப் பொட்டலமாகவும் விற்பனை தொடர்ந்தது. வாங்குபவர் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொண்டால் அதுவே குட்கா. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஊர்களுக்கு மாநில எல்லை கூப்பிடு தூரம். நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி உண்டு. காட்டை ஒட்டிப் போகும் எல்லா ஊர்ச் சாலைகளிலும் அப்படிக் காவல் போட முடியாது.

நம் குடும்பங்களில் மதுவுக்கு இடமில்லை. பிள்ளை குடித்துவிட்டு வந்தான் என்றால் வீடே அதிர்ந்துபோகும். ஆனால் அதே பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு பாக்குப் பொட்டலமோ, உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் டப்பாவோ இருந்தால், "பாக்குதானே, போதை இல்லையே" என்று பலரும் விட்டுவிடுகிறோம். மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை என்றால் கேட்கவே தோன்றாது. தள்ளாட வைத்தால்தான் போதை என்று நினைக்கிறோம். உண்மையில் இவை தள்ளாட வைக்காமலேயே இதயத்தையும் மூச்சையும் பிடித்துக்கொள்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

நாம் இயக்காமலே இயங்கும் நரம்புகள்

கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்தால் தூக்குகிறோம். ஆனால் இதயத்தை "துடி" என்று நாம் சொல்வதில்லை. சாப்பிட்டது செரிக்கிறது, வெயிலில் வியர்க்கிறது, வெளிச்சம் பட்டால் கண்ணின் பாப்பா சுருங்குகிறது. இவற்றையெல்லாம் நம் விருப்பத்தைக் கேட்காமல் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம்.

இதில் முக்கியமாக இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று பரிவு நரம்புகள். ஜவளகிரிக் காட்டுச் சாலையில் வண்டி ஓட்டிப் போகிறீர்கள், எதிரே யானை நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை வியர்க்கிறது, கண்பாப்பா விரிகிறது. ஓடவோ சமாளிக்கவோ உடலை ஒரே நொடியில் தயார் செய்வது இந்தப் பரிவு நரம்புகள்தான். இன்னொன்று எதிர்ப்பரிவு நரம்புகள். ஆபத்து நீங்கி வீடு வந்து, சாப்பிட்டுச் சாய்ந்து உட்காரும்போது துடிப்பை மெதுவாக்கி, குடலை வேலை செய்ய வைப்பவை இவை.

நரம்பும் நரம்பும் பேசிக்கொள்ளச் சில ரசாயனங்கள் உதவுகின்றன. அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இந்த ரசாயனம் சாவி என்றால், நரம்பிலும் உறுப்பிலும் அதற்கான பூட்டுகள் இருக்கின்றன. போதைப் பொருட்கள் கள்ளச் சாவிகள். அசல் சாவியின் வடிவத்தில் வந்து பூட்டைத் திறந்துவிடுகின்றன. யானை இல்லாமலேயே யானையைப் பார்த்த படபடப்பு வருவது இப்படித்தான்.

மருத்துவர்களும் இதே பூட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியுட்டமால் இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிப்பதும், சிலருக்கு அதனால் கை நடுங்குவதும் இந்த நரம்புகளின் பூட்டு திறப்பதால்தான். அங்கே அளவும் காரணமும் கண்காணிப்பும் உண்டு. பொட்டலத்தில் இவை மூன்றும் இல்லை.

நிகோடின்: இரண்டு பக்கமும் திறக்கும் சாவி

புகையிலையில் உள்ள நிகோடினுக்கும் இந்த நரம்பு மண்டலத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. தானியங்கு நரம்புகள் மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்பட்டு, வழியில் நரம்பு முடிச்சுகளில் நின்று, பிறகு உறுப்புக்குப் போகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாங்லியும் அவருடன் பணியாற்றிய டிக்கின்சனும் 1889இல் விலங்குகளின் நரம்பு முடிச்சுகளில் நிகோடினைத் தடவிப் பார்த்தார்கள். முடிச்சு முதலில் தூண்டப்பட்டது. பிறகு செயலற்றுப்போய்ச் செய்தியைக் கடத்தவில்லை. எந்த நரம்பு எந்த முடிச்சில் நிற்கிறது என்பதை இந்த வழியில் அவர்கள் கண்டறிந்தார்கள். ஆங்கிலத்தில் இந்த நரம்பு மண்டலத்துக்கு வழங்கும் பெயரையும் 1898இல் லாங்லிதான் வைத்தார். விஞ்ஞானிகளே நரம்பை மடக்கப் பயன்படுத்திய பொருளைத்தான் நம் பிள்ளைகள் உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிறார்கள்.

பரிவு, எதிர்ப்பரிவு ஆகிய இரண்டு பிரிவுகளின் முடிச்சுகளிலும் நிகோடினுக்கான பூட்டு உண்டு. அதனால்தான் முதல் தடவை போடுபவருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றுகிறது, எச்சில் ஊறுகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது. சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியையும் நிகோடின் தட்டி எழுப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கொட்ட வைக்கிறது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடலாம். ரத்த அழுத்தமும் ஏறும். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் சுருங்கும்.

குட்காவில் இதோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்கின்றன. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் எதிர்ப்பரிவு நரம்புகளின் அசல் சாவியான அசிட்டைல்கோலினைப் போல நடிக்கிறது. எச்சில் ஊறுவதும் உடல் சூடாகி வியர்ப்பதும் அதனால்தான். சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை உயர்த்துவதால் நிகோடின் வாயின் உள்தோல் வழியாக வேகமாக ரத்தத்தில் கலக்கிறது. சிகரெட் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உதட்டுக்குள் வைத்த பொட்டலம் இருக்கும் வரை நிகோடின் இறங்கிக்கொண்டே இருக்கும். புகை இல்லை, வாடை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் தெரியாது. ஆனால் இதயம் அவ்வளவு நேரமும் யானையின் எதிரிலேயே நிற்கிறது. வாய்ப் புற்றுநோயும் வாய் திறக்க முடியாமல் போகும் நோயும் இவற்றுக்கு மேல் வருபவை.

"போட்டால்தான் வேலை ஓடுது"

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களும் சரக்கு வண்டி ஓட்டுபவர்களும் சொல்லும் வார்த்தை இது. முதல் சில நாட்களில் விழிப்பு கூடுவது உண்மைதான். பிறகு மூளை பழகிக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையும்போது எரிச்சலும் பதற்றமும் கவனச் சிதறலும் வரும். அடுத்த பொட்டலத்தைப் போட்டதும் அது அடங்கும். பொட்டலம் தெம்பு தந்தது என்று அவர் நினைக்கிறார். உண்மையில், முந்தைய பொட்டலம் உண்டாக்கிய தவிப்பைத்தான் இது தணித்தது.

வலி மாத்திரையும் கஞ்சாவும்

டேபென்டடால், டிரமடால் போன்ற கடும் வலி மாத்திரைகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டுவருகின்றன. கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு இறந்த இளைஞர்களும் உண்டு. டிரமடாலை 2018இல் ஒன்றிய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இவை நிகோடினுக்கு நேர்மாறான திசையில் இழுக்கும். கண்பாப்பா ஊசி முனைபோல் சுருங்கும். குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தூக்கத்திலும் நம்மை மூச்சு விட வைக்கும் மூளைத்தண்டின் கட்டுப்பாடு மழுங்கிவிடுவது. அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். இறப்பவர் பெரும்பாலும் வலியால் துடிப்பதில்லை. தூங்குவதுபோலவே தெரிவார், ஆபத்து அதுதான்.

கஞ்சா துடிப்பைக் கூட்டும், கண்ணைச் சிவக்க வைக்கும், வாயை உலர்த்தும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். மெத்தாம்ஃபெட்டமின் பரிவு நரம்புகளிலிருந்து நார்அட்ரினலினை அள்ளிக் கொட்ட வைப்பதால், இளம் வயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும்.

நிறுத்தினால் ஏன் இவ்வளவு கோபம்?

பிள்ளையைக் கண்டித்து ஒரு நாள் நிறுத்த வைக்கிறோம். மறுநாள் எரிந்து விழுகிறான், தட்டைத் தள்ளுகிறான். "திமிர்" என்கிறோம். உண்மையில் கள்ளச் சாவிக்குப் பழகிய நரம்புகள், அது இல்லாதபோது எதிர்த்திசையில் துள்ளுகின்றன. வலி மாத்திரைக்குப் பழகியவருக்கு மாத்திரை நின்றால் கண்பாப்பா விரியும், மூக்கு ஒழுகும், மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கு வரும், நெஞ்சு படபடக்கும். இது அடக்கிவைத்த பரிவு நரம்புகள் கட்டவிழ்வது. அதனால்தான் ரத்த அழுத்தத்துக்குத் தரும் குளோனிடின் என்ற மருந்தை மருத்துவர்கள் இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். அது பரிவு நரம்புகளை அமைதிப்படுத்தும். நிகோடினை நிறுத்தியவரின் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெருமளவு அடங்கிவிடும்.

மதுவும் தூக்க மாத்திரையும் இதிலிருந்து வேறுபட்டவை. நீண்ட நாள் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அறையில் பூட்டிவைத்துத் திருத்த நினைப்பது மிகத் தவறு. அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும்.

நம்மிடம் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. ரமலானில் புகையிலைப் பழக்கம் உள்ளவரும் சஹர் முதல் இஃப்தார் வரை பதின்மூன்று பதினான்கு மணி நேரம் அதைத் தொடுவதில்லை. அஸருக்குப் பின் வரும் தலைவலியும் எரிச்சலும் எல்லாம் பசியால் வருபவை அல்ல. நிகோடின் குறைவதும் ஒரு காரணம். பகல் முழுவதும் தாங்க முடிந்தவருக்கு, இஃப்தாருக்குப் பின் வரும் அந்த முதல் பொட்டலத்தையும் தள்ளிப்போட உதவி கிடைத்தால், முப்பது நாட்களில் கடினமான கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

குடும்பம் செய்ய வேண்டியவை

முதலில் கவனியுங்கள். காரணமில்லாத படபடப்பு, அடிக்கடி எச்சில் துப்புதல், காரம் சாப்பிட முடியாமல் போவது, வெளிச்சம் மங்கிய இடத்திலும் சுருங்கியே இருக்கும் கண்பாப்பா, கையில் ஊசித் தடம், ஒரே கடைக்கு அடிக்கடி போவது ஆகியவற்றைக் கண்டால் அடிப்பதற்கு முன் கேளுங்கள்.

பள்ளி மாணவர்களிடையே கூல் லிப் பரவுவதைக் கண்டு 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. உங்கள் பிள்ளை மட்டும் தவறியவன் அல்ல. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை கொடுப்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பள்ளிக்கூடம் அருகே விற்பவரைப் பற்றி 10581 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

புகையிலையை விட 1800112356 என்ற தேசிய இலவச எண்ணும், மற்ற போதைப் பழக்கங்களுக்கு 14446 என்ற எண்ணும் உள்ளன. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். ஓசூர் பகுதியினருக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரம்தான். அங்கே போதை மீட்புக்கெனத் தனிச் சிகிச்சை மையமே உண்டு.

யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து கிடந்தால் மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன மாத்திரை எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து சரியான நேரத்தில் கிடைத்தால் மூச்சு திரும்பும். "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும் நிமிடங்களில்தான் பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள்.