மரமும் மெருகும் – 9: துவக்குப் பிடங்குக்கு எண்ணெய் ஊட்டல்

துவக்குப் பிடங்குக்கு ஊட்டும் எண்ணெய் மரத்தின் துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகுகிறது. வார்னிஷ் மேலே படலமாகப் படியும். அடிபட்டால் செதிலாகப் பெயரும். எண்ணெய் ஊட்டிய மரத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்தாற் போதும். இலங்கைப் பொலிசாரும் படையினரும் முன்னர் ஏந்திய .303 லீ-என்ஃபீல்ட் துவக்குகளின் பிடங்குக்கும் ஆளிவிதை எண்ணெயே ஊட்டப்பட்டது.

சுன்னாகம் சந்தையில் வாங்கும் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இதற்கு உதவாது. காற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திண்மமாகும் எண்ணெயே வேண்டும். இந்தத் தன்மையை அயடீன் எண் காட்டும்: தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 10, நல்லெண்ணெய்க்கு 110 அளவில், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். தேங்காயெண்ணெய் உலரவே உலராது. நல்லெண்ணெய் அரைகுறையாக உலர்ந்து பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயிலும் பச்சை எண்ணெய் உலரப் பல நாள் எடுக்கும். ‘காய்ச்சியது’ என்று விற்பதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் அது ஏறத்தாழ ஒரு நாளில் உலரும்.

வேலை தொடங்குமுன் துவக்கில் தோட்டா இல்லையென உறுதிசெய்து, மரத்தை இரும்பிலிருந்து கழற்ற வேண்டும். பழைய பூச்சை நீக்கி, மரத்தின் ஓட்டத்தோடு அரத்தாளால் தேய்க்க வேண்டும். பின்னர் ஈரத்துணியால் துடைத்தால் அமுங்கிய நார்கள் நிமிரும். காய்ந்ததும் அவற்றை மென்மையான அரத்தாளால் எடுத்துவிட வேண்டும். இதை விட்டால், முதல் ஈரம் பட்டவுடன் பிடங்கு சொரசொரக்கும்.

முதல் தடவை எண்ணெயுடன் ரேர்பன்ரைன் கலந்து மெலிதாக்கினால் ஆழமாக இறங்கும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துடைக்க வேண்டும். குறுக்காக அறுபட்ட அடிமுனை அதிகம் குடிக்கும். தகட்டுக்குள் மறையும் அந்த இடத்தை விட்டால் ஈரம் அவ்வழியே ஏறும். அடுத்த தடவைகளுக்குச் சில துளிகள் போதும். உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்த்து, எஞ்சியதைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும். தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் உலர்வு மந்தப்படும். முந்தியது உலராமல் அடுத்ததைப் பூசக்கூடாது.

ஒரு கிழமைக்கு நாளுக்கொரு தடவை, ஒரு மாதத்துக்குக் கிழமைக்கொரு தடவை, ஒரு வருடத்துக்கு மாதத்துக்கொரு தடவை என்பது இத்தொழிலின் பழைய கணக்கு. அதற்குப் பிறகும் எண்ணெய் மரத்துக்குள் ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றாகத் தடுக்காது. மழையில் நனைந்த பிடங்கைத் துடைத்து, உலர்த்தி, மறுபடி எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

எண்ணெய் உறிஞ்சிய துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. உலரும்போது பிறக்கும் வெப்பம் சுருளுக்குள் தேங்கி, துணி தானாகவே தீப்பற்றும். அதை வெளியே விரித்துக் காயவிட வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.