1948 ஜூலை 1-இல் நின்ற வீடு

மனையும் சட்டமும் – 9

இங்கிலாந்தில் சமையலறையைப் பின்புறம் நீட்டிக் கட்ட விரும்பும் ஒருவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இன்று கண்முன் நிற்கும் வீட்டையல்ல. 1948ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாளில் அது எந்த வடிவில் நின்றதோ அந்த வடிவையே சட்டம் ‘மூல வீடு’ எனக் கொள்கிறது. அதற்குப் பின் எழுந்த வீடாயின், முதன்முதலில் கட்டி முடித்தபோதிருந்த வடிவே மூல வீடு.

நகர், ஊரமைப்புத் திட்டச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அட்லியின் தொழிற்கட்சி அரசு 1947-இல் இயற்றிய இச்சட்டம், நிலத்தை வைத்திருக்கும் உரிமையையும் அதில் கட்டும் உரிமையையும் இரண்டாகப் பிரித்து, முன்னதை உரிமையாளரிடமே விட்டுவிட்டுப் பின்னதை அரசின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. (1971ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பெயரிலேயே இதன் சாயலைத் தாங்கி நிற்கிறது.) கட்டுவதும், நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் ‘மேம்பாடு’ என்றும், எந்த மேம்பாட்டுக்கும் உள்ளூர் மன்றத்தின் ‘திட்ட அனுமதி’ தேவை என்றும் அது வகுத்தது. வெளித்தோற்றத்தை மாற்றாத உள்வேலைகள் மேம்பாடாகவே கருதப்படுவதில்லை. எனினும் வாசலில் சிறு முகப்பு வைப்பதற்குக்கூட விண்ணப்பம் தேவையென்றால் எந்த மன்றமும் அந்தச் சுமையைத் தாங்காது என்பதால், சிறு வேலைகளுக்கு நாடாளுமன்றத்தின் அதிகாரத்தால் பொது ஆணை ஒன்றின் வழியே முன்கூட்டியே ஒட்டுமொத்த அனுமதி வழங்கப்பட்டது. இதுவே ‘அனுமதிக்கப்பட்ட மேம்பாடு’.

இன்று நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டின் ஆணைப்படி, தனித்து நிற்கும் வீட்டின் பின்சுவரிலிருந்து 4 மீட்டரும், ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு 3 மீட்டரும் ஒற்றைத் தளமாக நீட்டலாம். உயரம் 4 மீட்டரைத் தாண்டலாகாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வரும் பகுதியின் இறவாரம் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு மன்றம் முன்னறிவிப்புக் கொடுத்து 42 நாட்களுக்குள் முடிவுசெய்யும் சுருக்க நடைமுறையின் கீழ் இந்த நீளம் 8 மீட்டராகவும் 6 மீட்டராகவும் இரட்டிப்பாகிறது. 2008 வரை இக்கணக்கு கன அளவில் இருந்தது. கூரையடி அறைக்கு மட்டும் அந்தப் பழைய வழக்கம் நீடித்து, வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டரும் மற்றவற்றுக்கு 50 கன மீட்டரும் கூடுதலாகச் சேர்க்க இடமளிக்கிறது. அடுக்ககக் குடியிருப்புகளுக்கு இச்சலுகை எதுவுமில்லை.

வீட்டை வாங்குபவர் இடறுவது இங்கேதான். மேற்கண்ட அளவுகள் மூல வீட்டின் சுவரிலிருந்து எண்ணப்படுவதால், 1970களில் முந்தைய உரிமையாளர் ஒருவர் 2 மீட்டர் நீட்டியிருந்தால், இன்றைய உரிமையாளருக்கு அத்திசையில் எஞ்சுவது 1 மீட்டர் அல்லது 2 மீட்டர் மட்டுமே. மூல வீட்டைத் தவிர்த்த பிற கட்டடங்கள் எஞ்சிய மனையில் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது என்ற விதியிலும், தோட்டத்துக் கொட்டகை உட்பட முன்னவர் கட்டியதெல்லாம் இவர் கணக்கிலேயே சேர்கிறது. அனுமதி மனிதருக்கன்றி நிலத்துக்கே உரியது என்னும் கோட்பாட்டின் நேர்விளைவு இது. தருக்கத்தில் குறையில்லாவிட்டாலும், பத்திரத்தை மட்டும் படித்து வாங்கியவரிடம் இது இரக்கம் காட்டுவதில்லை.

இவ்வரம்புகளைக் கடக்கும் கட்டுமானத்துக்கு முழு விண்ணப்பம் தேவை. அதற்கு மன்றம் முடிவு சொல்ல வேண்டிய கெடு 8 வாரம். அண்டை வீட்டின் வெளிச்சம் குறைவதும், அதன் உள்ளறைகள் பார்வைக்குத் திறந்துவிடுவதும் கருத்தில் கொள்ளத்தக்க மறுப்புகள். காட்சி மறைகிறது, வீட்டின் விலை இறங்கும் என்பவை அல்ல. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்; அனுமதியை எதிர்க்கும் அண்டை வீட்டாருக்கு அந்த வழி இல்லை என்பது இம்முறையின் நீண்டகாலக் குறை.

அனுமதியின்றிக் கட்டிவிட்டு 4 ஆண்டுகள் கடத்தினால் மன்றம் கைவைக்க இயலாது என்ற விதியும் நெடுநாள் இருந்தது. சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறைத்த வேலிக்குப் பின்னால் கோட்டை போன்ற வீட்டைக் கட்டி, அதில் 4 ஆண்டுகள் வாழ்ந்து, 2006-இல் வைக்கோலை விலக்கினார். மறைவில் கழிந்த காலத்தை ஏற்க மறுத்த வழக்குகளின் முடிவில் 2016-இல் அதை அவரே இடிக்க நேர்ந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்த வரம்பு 10 ஆண்டுகளாக உயர்ந்துவிட்டது; அதற்கு முன்பே பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் பழைய 4 ஆண்டுக் கணக்கு செல்லும்.

கட்டியது, அல்லது கட்டவிருப்பது, சட்டத்துக்கு உட்பட்டதே என்று எழுத்தில் பெற விரும்புபவருக்கு ‘சட்டமுறை மேம்பாட்டுச் சான்றிதழ்’ என்ற ஒன்றை மன்றமே வழங்குகிறது. அது கட்டாயமில்லை, ஆனால் வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் தாள்களுள் அதுவும் ஒன்று.

(அடுத்த வாரம்: இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர்)