உங்களுக்குத் தெரியுமா? விரால் மீனும் மூச்சுத்திணறிச் சாகும்!

குளத்து விரால் (சன்னா ஸ்ட்ரையேட்டா) செவுளை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாத மீன். செவுளுக்கு மேலே, தலைக்குள், ரத்த நாளங்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கி, அதிலிருந்துதான் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மேலே வர விடாமல் வலையால் தடுத்துவிட்டால், நல்ல தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும்.

இதே அறைதான் கோடையில் அதைக் காப்பாற்றுகிறது. ஏரி வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து, உடல் ஈரமாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். மழை பெய்தால் ஈரத்தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்கும் போகும். சந்தையில் உயிரோடு விற்க முடிவதும் இதனால்தான்.

வேட்டையில் ஓட்டம் குறைவு. பாசிக்குள் அசையாமல் நின்று தவளை, சிறு மீன், பூச்சி எது வந்தாலும் ஒரே பாய்ச்சல். தன் இனக் குஞ்சையும் விடாது. வளர்ப்புப் பண்ணைகளில் பெரிய தலைவலியே இதுதான். சிறிதும் பெரிதுமாக ஒரே தொட்டியில் விட்டால் பெரிதுதான் மிஞ்சும்!

ஆனால் சொந்தக் குஞ்சுகள் என்றால் கதையே வேறு. செடிகளை விலக்கி இடம் ஒதுக்கி முட்டையிடும், முட்டைகள் மிதக்கும். பொரித்த செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிய, பெற்றோர் கீழே காவல் நிற்கும். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான். அப்படியொரு செங்கூட்டத்தைக் கண்டால் அங்கே தூண்டில் போடாதீர்கள்.