உப்பு, எச்சில், தாலி: 1704-ல் புதுச்சேரியில் ஒரு தடையுத்தரவு

போன பங்குனியில் மரக்காணம் போயிருந்தேன். அத்தை வீடு உப்பளத்துக்குப் பக்கத்தில். பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். அவர் போகிற ஜெபக் கூட்டத்தில் தலையில் பூ வைப்பது, பொங்கலன்று வாசலில் பொங்கல் வைப்பது எல்லாம் துருபதேசத்தின் பலன், விட்டுவிடணும் என்று சொல்லிவிட்டார்களாம். அத்தையும் விட்டுவிட்டார். அதே கூட்டத்தில் ஒருவர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்றும் போதித்திருக்கிறார். அத்தை மூணு வாரமாக மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பூவைப் பற்றி அவ்வளவு கறாராக இருந்த யாரும் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் வேலையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது அத்தை கேட்டார்: "நீதான் பழைய புஸ்தகமெல்லாம் படிக்கிறியே. எது கள்ள உபதேசம், எது இல்லன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

அப்போது பதில் சொல்ல வரவில்லை. ஆனால் இதே கேள்வி அங்கிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில், புதுச்சேரியில், முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே பெரிய வழக்காக நடந்திருக்கிறது. 'மலபார் சடங்குகள் சர்ச்சை' என்று வரலாற்றில் பெயர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கால ஐரோப்பியர் தமிழரையும் 'மலபாரிகள்' என்றே எழுதினார்கள். சண்டை முழுக்க நம்ம ஊர்ச் சண்டைதான்.

ஆரம்பம் மதுரையில்

1606-ல் ராபர்ட் தே நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். அதற்கு முன்பே அங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த குருவின் வழி வேறு: கிறிஸ்தவன் ஆவது என்றால் பறங்கி ஆவது. நொபிலி அதை மாற்றினார். காவி உடுத்தினார், சைவ உணவு சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளலாம், அவை குலத்தின் அடையாளமே தவிர வழிபாடு அல்ல என்றார்.

பெர்னாண்டஸ் புகார் எழுதினார். 1619-ல் கோவாவில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் பெரும்பான்மை நொபிலிக்கு எதிராகத்தான் இருந்தது. விஷயம் ரோம் வரை போய், 1623-ல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்.

கத்தோலிக்கர் பழைய தமிழில் இப்படிப்பட்ட தவறான போதனைக்கு 'தப்பறை' என்று ஒரு சொல் உண்டு. நொபிலி செய்தது தப்பறையா, இல்லையா? 1623 தீர்ப்போடு அது முடிந்துவிடவில்லை.

எட்டு மாதமும் பதினாறு விதியும்

புதுச்சேரியில் கப்புச்சின் சபையினருக்கும் இயேசு சபையினருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பங்கு யாருக்கு என்பதில் தகராறு. மயிலாப்பூர் ஆயர் அதை இயேசு சபையிடம் கொடுத்தார். கப்புச்சின்கள் ரோமுக்கு மனு போட்டார்கள். மனுவில் எல்லைத் தகராறோடு சடங்குப் புகாரும் சேர்ந்துகொண்டது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். துருபதேசக் குற்றச்சாட்டுக்குப் பின்னால் பல சமயம் ஒரு இடத் தகராறும் ஒளிந்திருக்கும்.

சீனாவுக்குப் போகிற வழியில் பாப்பரசரின் தூதர் ஷார்ல் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். தமிழ் தெரியாது. உடம்பு சரியில்லாததால் உள்நாட்டு மிஷன்களுக்குப் போய்ப் பார்க்கவும் முடியவில்லை. பூஷே, பெர்தோல்தி என்ற இரண்டு இயேசு சபைக் குருக்களிடம் விசாரித்தார். 1704 ஜூன் 23 தேதியிட்ட உத்தரவை ஜூலை 8-ல் வெளியிட்டார். மூன்றே நாளில் கப்பல் ஏறிவிட்டார்.

உத்தரவில் பதினாறு விதிகள். சிலதை மட்டும் சொல்கிறேன்:

ஞானஸ்நானத்தில் உப்பு வைப்பது, மூச்சு ஊதுவது, குரு தன் எச்சிலைத் தொட்டு வைப்பது, இவற்றை விடக்கூடாது. (எச்சில் என்றால் நம்ம ஆட்களுக்கு எவ்வளவு அருவருப்பு என்று தெரிந்துதான் குருக்கள் அதைத் தவிர்த்து வந்தார்கள்.)

பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறும் கூடாது. கல்யாணத்தில் சகுனம் பார்த்துத் தேங்காய் உடைக்கக் கூடாது.

சாணச் சாம்பல் பூசக் கூடாது.

மாதவிலக்கு நாளில் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராமல் தடுக்கக் கூடாது.

பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால், குரு அந்த வீட்டுக்குள் போய்த்தான் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை முதன்முறை படித்தபோது மேலே உள்ளதைப் பார்த்து "சரியான பிடிவாதக்காரர்" என்று நினைத்தேன். கடைசி இரண்டையும் படித்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டு வகைத் தவறு

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். குப்பை மெயிலைப் பிரிக்கிற வடிகட்டி எழுதினால் இரண்டு வகையில் தப்பு நடக்கும். நல்ல மெயிலைத் தடுத்துவிடலாம், அல்லது மோசடி மெயிலை உள்ளே விட்டுவிடலாம். ஒன்றைக் குறைக்கப் போனால் இன்னொன்று கூடும். போதனையைக் காவல் காப்பதிலும் இதே கதைதான்.

தூர்னோன் செய்தது முதல் வகைத் தவறு. எச்சில், உப்பு, கயிற்றில் எத்தனை இழை, இதையெல்லாம் விசுவாசத்தின் மையம் போல நடத்தினார். அது மையம் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? 1969-ல் ரோம் புதுப்பித்த குழந்தை ஞானஸ்நான முறையில் உப்பும் இல்லை, எச்சிலும் இல்லை. 1704-ல் விட்டால் குற்றம் என்றதை, 265 வருஷம் கழித்து அவர்களே எடுத்துவிட்டார்கள்.

உள்ளூர்க் குருக்கள் செய்தது இரண்டாம் வகை. தமிழ் தெரிந்தவர்கள், வெயிலில் நடந்தவர்கள், மக்களை நேசித்தவர்கள், எல்லாம் உண்மை. ஆனால் சாகக் கிடக்கிற ஒருவனின் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்பது அவர்கள் கண்ணுக்கு உறுத்தவில்லை. தாண்டினால் மேல்சாதிக்காரர் சபைக்கு வரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வெளியிலிருந்து வந்து எட்டே மாதம் இருந்த நோயாளிக்கு அது தெரிந்துவிட்டது.

பிறகு நடந்தது இன்னும் வருத்தம். 1739-ல் இந்த விதிகளுக்குக் கீழ்ப்படிவதாகக் குருக்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. 1744-ல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு சொன்னார். தாலி, சாம்பல் விதிகள் பெரும்பாலும் நின்றன. பறையர் வீட்டு விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம்: அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம். எந்த விதியில் தூர்னோன் சொன்னது நூற்றுக்கு நூறு சரியோ, அதுதான் இளகிப்போனது. சத்தியம் 1940-ல்தான் ரத்தானது. சாதி ரத்தாகவில்லை. 2008-ல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

அத்தைக்குப் பதில்

மரக்காணம் உப்பளத்தில் உவர்நீரைப் பாத்தியில் காய வைத்து டிகிரி பார்ப்பார்கள். சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கும். அதற்கு முன்பே வழித்தால் ஒன்றும் கிடைக்காது. 30 டிகிரிவரை விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தக் கசப்பு நீரைச் சரியான சமயத்தில் வடித்துவிட வேண்டும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். அளந்துதான் பார்க்கணும்.

போதனையை அளக்க இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்விகள் நான்கு.

இது விசுவாசத்தின் மையத்தைத் தொடுகிறதா, வழக்கத்தையா? இயேசு யார், என்ன செய்தார் என்பதை மாற்றினால் அது மையம். பூவும் பொங்கல் பானையும் அந்த இடத்தில் வராது.

குற்றம் சொல்கிறவர் அந்த வழக்கத்தின் அர்த்தத்தை, அதைச் செய்கிறவர்களிடமே கேட்டாரா?

இந்தப் போதனையால் யாருக்கு லாபம், யாருக்கு அடி? ஒருவருடைய உடம்போ, பணமோ, மானமோ போகிறது என்றால், அது எத்தனை பழகிய போதனையாக இருந்தாலும் நிறுத்திக் கேட்க வேண்டும்.

திருப்பிக் கேட்க இடம் இருக்கிறதா? பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் அவர்களைப் பாராட்டுகிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால், கூட்டத்தில் பேசுகிறவரையும் சரிபார்க்கலாம்.

போனில் இதையெல்லாம் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மாத்திரை சொன்னதுதான் கள்ள உபதேசம்" என்றார். ஆமாம் என்றேன்.

"பூ?"

அது உங்க இஷ்டம் அத்தை என்றேன்.