டாக்ஸி சாரதியின் அனுமதி யார் கையில்?

கண்டியில் முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். குற்றவாளியாகக் காணப்பட்டால் அதனை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ நீதிமன்றத்தால் முடியும். மாநகர சபைக்கு அதில் பங்கில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. லண்டனுக்கு வெளியே டாக்ஸி ஓட்ட, வழமையான அனுமதிப்பத்திரத்துடன் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சாரதி அத்தொழிலுக்குத் தகுதியான, நம்பத்தகுந்த நபரா என்பதைச் சபையே தீர்மானிக்கிறது.

இதன் நோக்கம் தண்டனையல்ல, பயணியின் பாதுகாப்பு. ஆகவே வழக்கில் விடுதலையானவரின் அனுமதியையும் சபை இரத்துச் செய்யலாம். முறைப்பாடு உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று கருதினால் போதும். "குடும்பத்தின் வருமானமே இதுதான்" என்ற வாதம் பொதுவாக எடுபடாது. மதுபோதையில் ஓட்டியவருக்கு, தண்டனைக் காலம் முடிந்து 7 ஆண்டுகள் செல்லும்வரை அனுமதி வழங்கக்கூடாது என்கிறது 2020இல் வெளியான அரச வழிகாட்டல்.

சாரதிக்கும் உரிமையுண்டு. 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றில் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி உடன் அமுலாகும் தீர்மானமாயின், மேன்முறையீடு முடியும்வரை ஓட்ட முடியாது. அங்கு டாக்ஸி ஓட்டும் நம் உறவினர்கள் சபையின் கடிதத்தை அலட்சியம் செய்யலாகாது.

நம் பிள்ளைகளும் தினமும் முச்சக்கர வண்டியில்தான் பாடசாலை செல்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்பதோடு, ஓட்டுபவரை நம்பலாமா என்றும் கேட்கும் முறை இங்கும் வலுப்பெற வேண்டும். கூடவே, சாரதி தன் நியாயத்தைச் சொல்லும் வழியும் இருக்க வேண்டும்.