விதைத் தேயிலையும் வீ.பி. தேயிலையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராதலின் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என எண்ணியிருப்பர். ஆயினும் வகுப்பறைச் சாளரத்தைத் திறந்தால் நமுனுகுல மலையும் அதன் சரிவெங்கும் விரிந்த தேயிலையுமே கண்ணிற் படுகின்றன. தம் பெற்றோர் நாள்தோறும் தொட்டுப் பறிக்கும் செடி எங்கிருந்து வந்தது, எவர் அதனைத் தேர்ந்தனர் என்பதை நம் மாணாக்கர் பலர் அறியார். ஆதலின் அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மலையில் வேலை செய்வோர் தேயிலையை இரண்டாக வகுத்துப் பேசுவர். ஒன்று விதைத் தேயிலை; மற்றது வீ.பி. தேயிலை. தொலைவில் நின்றே இன்னது இதுவெனச் சொல்லிவிடுவர். விதைத் தேயிலை மலையில் ஒரு செடி கரும்பச்சை, அடுத்தது மஞ்சள் கலந்த பச்சை. ஒன்று அகன்ற இலையுடையது, ஒன்று சிற்றிலையுடையது. ஒன்று கொழுந்து விட்டு நிற்க, அயலிலுள்ளது உறங்கிக் கிடக்கும். வீ.பி. மலையோ ஒரே நிறத்துப் பாய் விரித்தாற்போல் இருக்கும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் தேயிலைப் பூவின் இயல்பாகும். அது தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய்ப்பதில்லை. அயற்செடியின் மகரந்தத்தையே வேண்டி நிற்கும். ஆகவே ஒரே மரத்து விதைகள் நூறு முளைப்பினும் அந்நூறும் நூறு குணமுடையனவாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல என்று சொன்னால் எம் வகுப்பிற் சிரிப்பார்கள். ஆனால் செய்தி அதுவே.

இலங்கைக்குத் தேயிலை விதை 1839இல் அசாமிலிருந்து பேராதனைத் தோட்டத்திற்கு வந்தது. அதனைப் பெரும் பயிராக்கும் வழியைத் திறந்தவர் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அவர் நட்டார். அக்காலத்தில் மலைநாட்டை ஆண்டது கோப்பி. அதனை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலிற் காணப்பட்ட இடம் வேறெதுவுமன்று, நமக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையே. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பி, இருபது ஆண்டுகளிற் பெரும்பாலும் மறைந்தது. எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே குருதியாக இருந்தமையால் ஒன்றைத் தின்ற பூசணம் அனைத்தையும் தின்றது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை விதை மூட்டை மூட்டையாக இறங்கிற்று. துரைமார் விதையின் பிறப்பை ‘ஜாத்’ என்று வழங்கினர். நம் ‘சாதி’ என்னுஞ் சொல்லின் உறவே அது. மணிப்புரி, பெட்ஜான் என அசாம்ப் பக்கத்து விதைத்தோட்டங்களின் பெயரால் விலை கூறப்பட்டது. பெயர் நல்லதாயினும் மூட்டைக்குள் இருப்பது கலவையே. இதனை முறையாக ஆராய்ந்தோருள் ஒல்லாந்தர் முன்னின்றனர். சாவகத்தின் போய்ட்டன்சோர்க்கில் பணியாற்றிய கோகன் ஸ்டுவர்ட், தேயிலைத் தெரிவுக்கு அடிப்படை யாது என விளக்கும் நூலை 1919இல் வெளியிட்டார்.

நம் நாட்டில் 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றித் தலவாக்கொல்லை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. 1930களில் அங்கே டப்ஸ் என்னும் அறிஞர் கிளைத்துண்டுகளை வேர்விடச் செய்யும் முறையை ஆராய்ந்தார். ஓர் இலையும் சிறு தண்டும் கொண்ட துண்டு. அதனை நிழலிட்ட தவறணையில் ஈரம் வற்றாது காத்தால் வேர்விடும். அவ்வாறு வந்த கன்று தாயின் மறுபதிப்பு. விதையின்றிப் பெருக்கும் இம்முறையின் ஆங்கிலப் பெயரது முதலெழுத்துகளே ‘வீ.பி.’ அதன் வழி வந்த இனத்தைக் ‘குளோன்’ என்பர். கிரேக்கத்தில் இளங்கிளை என்று பொருள். பொருத்தமான பெயரே.

1946இல் கொப்புள நோய் இலங்கையிற் புகுந்தது. தாங்கி நிற்குஞ் செடி எது என்ற தேடல் அதனால் விரைவுற்றது. ஆயிரக்கணக்கான செடிகளை நோக்கி, சிலவற்றைப் பிரித்து, வேர்விடும் ஆற்றல், விளைச்சல், கோப்பைச் சுவை, நோய், வறட்சி என ஒவ்வொன்றாகப் பரிசோதித்தனர். ஓர் இனத்தை வெளியிடப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். இவ்வாறு வந்தவையே ரி.ஆர்.ஐ. 2023, 2025 முதலிய வரிசை. பேரில்லை; எண் மட்டுமே. செக்ரோலில் எண்ணாகப் பதியப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது போலும்.

எண்கள் ஒன்றுபோலத் தோன்றினும் குணம் வேறு. 2025 வறட்சியைத் தாங்கும், 2023 தாங்காது. ஊவாவிலே இது சிறிய செய்தியன்று. ஆடி தொடங்கி வீசும் உலர்காற்றே நம் தேயிலைக்கு அந்தத் தனி மணத்தைத் தருகின்றது. மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள் அதில் மிகுதியென்பர். அக்காற்றே நீளுமாயின் செடி கருகும். விதைச்செடிக்கு ஆழ்ந்திறங்கும் ஆணிவேர் உண்டு. துண்டிற் பிறந்த கன்றுக்கு அது இல்லை.

அப்படியாயின் வீ.பி. ஏன்? நல்ல நிலத்தில் அது விதைத் தேயிலையின் இருமடங்கும் கொடுக்கும். கொழுந்தின் நிறையே நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில், பறிக்குந் தாய்க்கு இது எவ்வளவு பெரிது என்பதை வயிறு அறியும். பழைய மலையைப் பிடுங்கி, குவாத்தமாலாப் புல்லை ஒன்றரை, இரண்டு ஆண்டு வளர்த்து மண்ணைத் தேற்றி, பின்னர் நட்டுப் பயன்காண ஏறக்குறைய ஐந்தாண்டு செல்லும். அதுவரை வருவாய் இல்லை. பெருந்தோட்டங்கள் பல தயங்கி நிற்பதும் நூறாண்டுச் செடிகள் இன்னும் நிற்பதும் இதனாலேயாம்.

எம் கவலை வேறொன்று. பரவலாக நடப்பட்ட 2020 வரிசை இனங்கள் பலவற்றின் தாய் ஒன்றே. அசாம் விதையிற் பிறந்த ஏ.எஸ்.எம். 4/10 என்னும் செடி அது. ஒரு தாய் மக்களே மலையெங்கும் நிறைந்தால் மடுல்சீமைக் கோப்பியின் கதை மீளாது என்பதற்கு யார் பிணை? ஆராய்ச்சி நிலையத்தார் இதனை அறியாதவரல்லர். பல இனங்களைக் கலந்து நடுமாறு கூறுகின்றனர். வேறு கலப்புகளில் 3000, 4000 வரிசைகளையும் தந்தனர். ஆனால் புதிய கலப்புக்கு வேண்டிய பழைய குருதியோ பிடுங்கப்படும் விதை மலைகளிலேயே கிடக்கின்றது.

சென்ற ஆண்டு வறட்சியின்போது எம் மாணாக்கன் ஒருவன் தன் தோட்டத்து விதை மலைக்கு எம்மை அழைத்துச் சென்றான். சுற்றிலும் இலை சுருண்டிருக்க ஒரு செடி மட்டும் தளிர்த்து நின்றது. “இதுக்கு அப்பாயி வச்ச பேரு கெட்டிக்காரிங்க ஐயா” என்றான். அந்த மலை விரைவிற் பிடுங்கப்படும் எனக் கேள்வி. வெளிக்கள உத்தியோகத்தரின் இசைவு பெற்று ஒன்பது துண்டுகள் வெட்டி, கல்லூரிக் கிணற்றடியில் நிழலிட்டு வைத்தோம். நான்கு அழுகிவிட்டன. ஐந்து வேர்விட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பசறையிலுள்ள ஆராய்ச்சி நிலையக் கிளைக்குக் கொண்டுசென்று காட்ட வேண்டுமென்று அவன் நச்சரித்துக்கொண்டிருக்கின்றான்.